அடிப்படைக் குப்பை

எங்கள் குடும்பத்தார் பெயர் ஆலயத்தில் வாசிக்கப்படுவது மூன்று காரியங்களுக்காக மட்டுமே: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். நான்கு தலைமுறையாக இதுதான் நடைமுறை. என் சித்தப்பா ஒருவர் பாட்டுக்குழுவில் சுருதி பிசகியதற்காக ஒருமுறை பெயர் சொல்லிக் கண்டிக்கப்பட்டார் என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். அது பொய். சுருதி பிசகியவர் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்.

அப்படிப்பட்ட குடும்பத்தின் பெயர் இந்த வருஷம் 'ஒத்துழையாத குடும்பங்கள்' என்ற தலைப்பில் வாசிக்கப்பட்டது. தலைப்பு பன்மையில் இருந்தது. பட்டியலில் ஒரே பெயர்தான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவன் நான். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை போட்டவன். எதையும் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன்.

பேராயர் அலுவலகத்திலிருந்து எங்கள் சபைக்கு ஒரு கடிதம் வந்தது. கடவுள் படைத்த உலகத்தைப் பேணுவது கிறிஸ்தவனின் அன்றாடக் கடமை. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் படைப்பின் உக்கிராணக்காரராக நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவ்வளவுதான் கடிதம். நல்ல கடிதம். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தபடி உலாத்துகிறவனைக் கண்டால் எனக்கே கை பரபரக்கும். அந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை வாசித்துவிட்டு, 'வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள்' என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் கடிதம் முதலில் கமிட்டிக்குப் போனது.

உக்கிராணம் என்றால் பண்டகசாலை. உக்கிராணக்காரர் என்றால் எஜமானுடைய பண்டங்களைத் தன்னுடையவை என்று நினைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறவர். பழைய தமிழ். எங்கள் சபையின் இருநூற்றுப் பத்துக் குடும்பங்களில் இது தெரிந்தவர்கள் நானும் என் மனைவியும். மற்றவர்கள் 'உக்கிரம்' வரைக்கும் படித்துவிட்டு, மிச்சத்தை ஊகித்துக்கொண்டார்கள். கமிட்டியார் பன்னிரண்டு பேருக்கு நெஞ்சில் குத்திக்கொள்ளச் சின்னம் செய்யக் கொடுத்தார்கள். பொத்தான் அளவுச் சின்னத்தில் அவ்வளவு பெரிய சொல் பிடிக்கவில்லை. அச்சகத்தார் 'உக்கிர.' என்று எழுதி, புள்ளி வைத்து முடித்துவிட்டார். நெஞ்சில் அப்படி எழுதிக்கொண்டு திரிகிற மனிதன் எப்படி நடந்துகொள்வான்? அப்படியேதான் நடந்துகொண்டார்கள்.

கமிட்டியின் செயலரை ஊரில் 'சுற்றறிக்கை' என்றுதான் சொல்வார்கள். மனைவியிடம் உப்பு கேட்பதென்றாலும் 'பொருள்', 'பார்வை' என்றுதான் தொடங்குவார். அவர்தான் கையேட்டை எழுதினார். நூற்று நாற்பது பக்கம். பளபளக்கும் தாள். ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு. 'மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது, மண்ணுல புதைச்சு நூறு வருஷம் கழிச்சு எடுத்தாலும் மக்காது' என்று வெளியீட்டு விழாவில் பெருமையாகச் சொன்னார். கையேட்டுக்கு ஓர் அட்டைப்பெட்டி, பெட்டிக்கு ஒரு கண்ணாடித்தாள் உறை, உறைக்கு மேல் பட்டுநாடா. முதல் பக்கத்தில், 'இன்ன குடும்பத்துக்கு அன்புடன்' என்று தங்க எழுத்து. இரண்டாம் பக்கத்தில், 'தாளைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்.'

நான் அதை வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஐந்நூற்று எண்பது கிராம்.

என் மனைவி பெட்டியில் பொத்தான்களைப் போட்டு வைத்தாள். கண்ணாடித்தாளை நாற்றுகளுக்கு மூடாக்காகப் போட்டாள். நாடாவில் அவரைக்கொடியைக் கட்டினாள். கையேட்டை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, தையல் இயந்திரத்தின் ஆடுகிற காலுக்கு முட்டாகக் கொடுத்தாள். கையேடு பிரயோஜனமில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல முடியாது.

விதிகள் இவை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு வாரத்துக் குப்பையைச் சபை மண்டபத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துப் பதிய வேண்டும். அதற்கு 'அடிப்படை எடை' என்று பெயர். பதிந்தவுடன் தற்காலிகச் சான்றிதழ். அடுத்த வருஷத்துக்குள் அந்த எடையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் காட்டினால் நிரந்தரச் சான்றிதழ். அதிகமாகக் குறைப்பவருக்குப் பேராயர் கையால் கேடயம். சான்றிதழ் இல்லாத குடும்பத்துக்கு ஞானஸ்நானம், ஓலை முதலிய சேவைகள் நிறுத்திவைக்கப்படும். அடக்க ஆராதனைக்கு மட்டும் விலக்கு உண்டு. இறந்தவர் மேற்கொண்டு குப்பை போடுவதில்லை என்று அடிக்குறிப்பில் விளக்கியிருந்தார்கள்.

ஓலை என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் வாசிப்பதைத்தான் நாங்கள் ஓலை என்போம். அது வாசிக்கப்படாமல் எங்கள் ஆலயத்தில் திருமணம் இல்லை. என் கடைசி மகளுக்கு ஐந்து வாரத்தில் திருமணம். அவள் மின்தூக்கி பழுது பார்க்கிறவள். மாப்பிள்ளை ரொட்டிக்கடைக்காரரின் மகன். பதினான்காம் மாடிக்கும் பதினைந்தாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தவரை இவள்தான் வெளியே எடுத்தாள். விஷயம் அங்கேயே முடிவாகிவிட்டது. நாங்கள் பெரியவர்கள் பேசியதெல்லாம் மரியாதைக்கு.

எடை போடும் நாளுக்கு முன்னால் வீடுவீடாகப் பார்வையிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு 'உக்கிர.' சின்னத்தோடு வந்தவர் பல் மருத்துவரின் மனைவி. கூடத்தையும் சமையலறையையும் கொல்லைப்புறத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"குப்பைத்தொட்டி எங்க?"

"இல்லைங்க," என்றாள் என் மனைவி.

"இல்லைன்னா? வேற எதுல போடுவீங்க?"

"எதை?"

"குப்பையைத்தாம்மா."

"எந்தக் குப்பையை?"

பல் மருத்துவரம்மா பேனாவை மூடினார், திறந்தார். "சரி, ஒவ்வொண்ணா வருவோம். காய்கறித் தோல்?"

"பாத்திக்கு உரம்."

"தாள்?"

"ஒரு பக்கம் காலியா இருந்தா இவர் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார். ரெண்டு பக்கமும் தீர்ந்துட்டா அதுவும் பாத்திக்குத்தான்."

"பழைய துணி?"

"அதோ தொங்குதே திரை, அது பழைய துணிதான். நீங்க உக்காந்திருக்கிறதும்."

அவர் எழுந்துவிட்டார். படிவத்தில் 'தொட்டி மறைக்கப்பட்டுள்ளது' என்று எழுதியதை நான் தலைகீழாகவே படித்தேன்.

சனிக்கிழமை காலை மண்டபத்தின் முன்னால் கூட்டம் நெரிந்தது. உடற்பயிற்சிக்கூடம் ஒன்றிலிருந்து ஆள் நிறுக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். அதில் முத்திரை இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் குறை சொல்வது எங்கள் வழக்கமில்லை.

வக்கீல் குடும்பம் முப்பத்தாறு கிலோ. கைதட்டினார்கள். பல் மருத்துவர் குடும்பம் நாற்பத்தொன்று. இன்னும் பலமாகத் தட்டினார்கள். சுற்றறிக்கை ஒரு சரக்கு வண்டியில் வந்து இறங்கினார். ஏழு தவணையாக நிறுத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ. பாட்டுக்குழு தானாக எழுந்து நின்றது.

அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அன்பானவர்களே, என் வீட்டுக் குப்பையைப் பார்த்து ஆச்சரியப்படாதீங்க. இது ஒரே நாள்ல வந்ததில்லை. எவ்வளவு குறைக்கலாம்னு யோசிச்சு யோசிச்சு, ஆறு மாசமா சேர்த்தேன். பெட்டி இல்லாத ஒரு சாமான்கூட வாங்கினதில்லை. நல்லா ஓடிக்கிட்டிருந்த குளிர்சாதனப் பெட்டியைக்கூடப் படைப்பின் நிமித்தம் தூக்கிப் போட்டேன். இவ்வளவு இருந்தாத்தானே குறைக்க முடியும்? குறைக்க இடம் வச்சுக்கிறவன்தான் உண்மையான உக்கிரக்காரன்!"

அடுத்து எங்கள் குடும்பம். என் மனைவி கொடுத்துவிட்ட பொட்டலத்தை இயந்திரத்தில் வைத்தேன். உள்ளே மாத்திரை அட்டை ஒன்று, மை தீர்ந்த பேனாக்குச்சி ஒன்று, தேய்ந்து போன பல்துலக்கியின் மயிர் மட்டும். பிடி எங்களுக்குத் தேவையாக இருந்தது. இயந்திரம் கண் திறக்கவேயில்லை.

"ஆளே இல்லைன்னு நினைக்குது," என்றார் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர்.

"நாற்பத்திரண்டு கிராம். வீட்டில் நிறுத்துவிட்டுத்தான் வந்தேன்," என்றேன்.

"படிவத்துல முழுக் கிலோதான் எழுதணும் அண்ணே," என்றார் சுற்றறிக்கை. "நாற்பத்திரண்டு கிராம்னா பூஜ்யம். பூஜ்யத்துல மூணுல ஒரு பங்கை எப்படிக் குறைப்பீங்க?"

"குறைக்க ஒன்றும் இல்லையே தம்பி."

"அதைத்தான் நானும் சொல்றேன். குறைக்க மனசில்லை. பாவமே பண்ணாதவன் எப்படி மனந்திரும்புவான்? முதல்ல போய் ஒழுங்கா, அளவா, நாலு பேருக்குத் தெரியுற மாதிரி குப்பை போடுங்க. அப்புறம் வாங்க. தொண்ணூத்தொம்பது ஆடு பட்டியிலேயே நிக்குதுன்னு எந்த மேய்ப்பனாவது அறிக்கை அனுப்புவானா? காணாமப் போன ஆட்டுக்குத்தான் அறிக்கை!"

மறுநாள்தான் பெயர் வாசிக்கப்பட்டது. நான் மூன்றாம் வரிசையில், முதுகு பெஞ்சில் படாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். குருவானவர் வாசிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. பயந்த சுபாவம். கமிட்டி கூடும் நாளில் அவருக்குத் தவறாமல் இருமல் வரும்.

மாலையில் ரொட்டிக்கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒண்ணுமில்லை. எங்க வீட்டுலதான் கேக்குறாங்க. பேரு வாசிச்ச வீடாமே, என்ன பண்ணினாங்களாம்னு."

"ஒன்றும் பண்ணவில்லை."

"அதைச் சொன்னேன். ஒண்ணும் பண்ணாமலா பேரு வாசிச்சாங்கன்னு கேக்குறா. வர்ற சனிக்கிழமை மறுபடியும் எடை போடுறாங்களாம். ஒரு வாரம் மட்டும் கொஞ்சம் குப்பை போடப் பழகிக்கக்கூடாதா? எங்க கடையில ரெண்டு வாரத்துல எழுபத்தஞ்சு கிலோ ஆக்கிட்டோம். மனசு வச்சா முடியும் சம்பந்தி."

மனசு வைத்தோம். என் மகள்தான் வழி சொன்னாள். "அப்பா, கவலையை விடுங்க. நான் ஒருதரம் பெரிய கடைக்குப் போயிட்டு வந்தா போதும்."

போய்விட்டு வந்தாள். நான்கு ஆரஞ்சுப் பழம். நான்குக்கும் தனித்தனி வலை, வலையோடு ஒரு தட்டு, தட்டுக்கு ஓர் உறை, உறையைப் போட ஒரு பை, பையைப் போட இன்னொரு பை. பழத்தை எடுத்துக்கொண்டு மற்றதை மேசையில் குவித்தாள். குவியல் பழத்தைவிடப் பெரிதாக, பார்க்கவே நிறைவாக இருந்தது. நான் தராசு எடுத்துவர உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் வலை பாத்திரம் தேய்க்கப் போய்விட்டது. தட்டில் விதை ஊன்றியாயிற்று. உறை அரிசி டப்பாவின் வாயில் ஏறிவிட்டது. பைகள் மடித்துப் பைகளோடு சேர்ந்துவிட்டன.

"அம்மா!" என்றாள் மகள்.

"என்னடி, இதையெல்லாமா தூக்கிப் போடுவாங்க?"

"தூக்கிப் போடத்தாம்மா வாங்கினேன்!"

"தூக்கிப் போடுறதுக்கு ஒருத்தி வாங்குவாளா? உன்னை நான் அப்படியா வளர்த்தேன்?"

மேசையில் மிஞ்சியது ஒரே ஒரு ஒட்டுத்தாள். 'முற்றிலும் இயற்கையானது' என்று அதில் எழுதியிருந்தது. நிறுத்தேன். தராசு அசையவில்லை.

என் பழைய காலணிகளைத் தியாகம் செய்தேன். செவ்வாய்க்கிழமை அவற்றுக்குப் புது அடி தைக்கப்பட்டிருந்தது. உடைந்த குடையை வைத்தேன். புதன்கிழமை அது புடலைக்குப் பந்தலாக நின்றது. வியாழக்கிழமை, வாழ்க்கையில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். சுற்றறிக்கை வீட்டின் பின்வாசலில் போய் நின்றேன்.

"தம்பி, ஒரு பை குப்பை கொடுத்தால் போதும். ஐந்து கிலோ இருந்தால்கூடப் போதும்."

அவர் தன் தொட்டிகளைப் பார்த்தார். மூன்றுக்கும் பூட்டுப் போட்டிருந்தது. "அண்ணே, நீங்க என் உயிரைக் கேளுங்க, தரேன். இது வர்ற சனிக்கிழமை என் அடிப்படையில சேரப் போறது. அஞ்சு கிலோ குறைஞ்சா கேடயம் பல் மருத்துவருக்குப் போயிடும். அந்த ஆளு நோயாளிங்க கட்டின பல்லையெல்லாம் சேர்த்துக்கிட்டிருக்கான், தெரியுமா?"

அப்படியானால், ஏற்கெனவே நிறுத்த குப்பையிலிருந்தாவது ஒரு பை தரலாமே என்றேன். அதற்கு ஒரு பேச்சே பேசிவிட்டார். முன்பு நிறுத்ததை மண்டபத்தில் சாட்சியாகப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். பேராயர் பார்வையிடும்வரை ஒரு தாளைக்கூட வெளியே எடுக்கக் கூடாதாம். அதனால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வாகனம் நிறுத்தும் கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார்களாம். நாற்றத்துக்காக மண்டபத்தில் நாலு குளிர்சாதன இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடுகின்றனவாம். போதாததற்கு வாரம் நாற்பது டப்பா வாசனைத் திரவம் தெளிக்கிறார்களாம். "அந்தக் காலி டப்பா எல்லாம் யாருக்குன்னு கேளுங்க. எனக்கு! கமிட்டித் தீர்மானம் போட்டே வாங்கிட்டேன்."

நான் திரும்பி நடந்தேன். தெரு துடைத்துவிட்டாற்போலக் கிடந்தது. ஒரு கடலைத்தோல் இல்லை. முனையில் தெருக்கூட்டும் அம்மாள் வண்டியில் சாய்ந்துகொண்டு சும்மா நின்றிருந்தாள்.

"என்னம்மா, வேலை இல்லையா?"

"மூணு வாரமா இதே கதைதான் ஐயா. நான் வர்றதுக்குள்ள யாரோ வந்து அள்ளிட்டுப் போயிடறாங்க. நேத்து வக்கீல் ஐயா தொட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நின்னாரு. வணக்கம் சொன்னேன். உள்ள இருந்தபடியே வணக்கம் சொன்னாரு. பெரிய மனுசங்களுக்கு என்ன கஷ்டமோன்னு வந்துட்டேன்."

என் கஷ்டத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பொண்ணு கல்யாணமாச்சே ஐயா. என்கிட்ட ஒரு சாக்கு இருக்கு. இதை மட்டும் ஒருத்தரும் எடுக்க மாட்டேங்குறாங்க. ஏன்னுதான் தெரியலை. நல்ல கனம்."

வாயைக் கட்டியிருந்தது. பிறர் வீட்டுக் கழிவைக் கிளறிப் பார்ப்பது எங்கள் குடும்பத்தில் இல்லாத பழக்கம். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒரு மணி நேரத்தில் சாக்கு காலியாகிவிடும் என்பதால் அவளுடைய கொட்டகையிலேயே வைத்துவிட்டு, சனிக்கிழமை அங்கிருந்தே நேராக மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

இயந்திரம் உடனே கண் திறந்தது. பதினொரு கிலோ.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. ரொட்டிக்கடைக்காரர் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார். சுற்றறிக்கை என் தோளில் தட்டினார். "பாத்தீங்களா அண்ணே? ஒவ்வொருத்தனுக்குள்ளயும் ஒரு குப்பை இருக்கு. வெளிய வர நேரமாகும், அவ்வளவுதான். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

படிவத்தைப் பார்த்தேன். 'கடவுள் முன்னிலையில் இது என் வீட்டுக் குப்பை என்று உறுதி கூறுகிறேன்.'

முப்பத்தோரு வருஷத்தில் பொய்யான எடைக்கு நான் முத்திரை போட்டதில்லை. ஒரு மீன் வியாபாரி என் காலில் விழுந்தும் போட்டதில்லை. ஆனால் அந்த வியாபாரிக்குக் கல்யாணத்துக்கு நின்ற மகள் இருந்தாளா என்று நான் கேட்டதேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேனாவைத் தாளில் ஊன்றினேன்.

"என்னங்க."

வாசலில் என் மனைவி. மகளும் கூட இருந்தாள்.

"பதினொரு கிலோவா? யார் வீட்டுது?"

பேனாவைத் தாளிலிருந்து எடுத்தேன்.

"என் வீட்டுதுன்னு எழுதப் போறீங்களா? ஊர் பாக்க? நான் முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினது வாரத்துக்குப் பதினொரு கிலோவாவா?" அவள் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "கல்யாணம் நின்னா நிக்கட்டும். இவளைக் கூட்டிட்டுப் போக அந்தத் தம்பிக்கு மின்தூக்கி இருந்தாப் போதும்."

மகள், "அம்மா!" என்றாள்.

என் மனைவி அதற்குள் சாக்கின் வாயை அவிழ்த்துவிட்டாள். "அப்படி என்னதான் போட்டு வச்சிருக்காங்கன்னு பாப்போம். இதுல பாதி நல்ல சாமானா இருக்கும்."

முதலில் பட்டுநாடா வந்தது. பிறகு கண்ணாடித்தாள் உறை. உறைக்குள் பெட்டி. உறையே பிரிக்காத பெட்டி. இரண்டாவது. மூன்றாவது. சாக்கு முழுவதும் கையேடு. மனத்துக்குள் வகுத்துப் பார்த்தேன்: பத்தொன்பது. சரியாக இருந்தது. ஊரில் உள்ள குப்பையையெல்லாம் அடிப்படைக்கு அள்ளியவர்கள், இதை மட்டும் எடைக்குக் கொண்டுவர வெட்கப்பட்டுத் தெருவில் போட்டிருக்கிறார்கள். அதை அள்ளவும் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

என் மனைவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உறைகளைப் பிரித்து, தங்க எழுத்துகளை உரக்கப் படித்தாள். "வக்கீல் குடும்பத்துக்கு அன்புடன்." வக்கீல் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். "பல் மருத்துவர் குடும்பத்துக்கு அன்புடன்." தூண்கள் நிரம்பத் தொடங்கின. "ரொட்டிக்கடை… ஐயோ சம்பந்தி, நீங்களுமா?" ரொட்டிக்கடைக்காரர் தன் காலணிகளைப் பார்த்தார். "குருவான…"

"போதும்மா," என்றார் குருவானவர்.

நான் பேனாவை மூடினேன். "இது என் வீட்டுக் குப்பை அல்ல."

சுற்றறிக்கை கலங்கவில்லை. அவருக்கு இந்த மாதிரி நேரங்களில்தான் அறிவு வேலை செய்யும். "கையேடு குப்பை ஆகாது. ஆகவே இந்தச் சாக்குல இருக்கிற பதினொரு கிலோவும் குப்பை ஆகாது. ஆகவே உங்க எடை மறுபடியும் பூஜ்யம். சான்றிதழ் இல்லை. நாளைக்கு ஓலையும் இல்லை."

என் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குருவானவர் இருமினார். வழக்கமாக அதோடு வெளியே போய்விடுவார். அன்று போகவில்லை.

"செயலரே, விதி நல்ல விதிதான். ஆனா ஓலை வாசிக்கிற முறை கமிட்டியைவிட வயசானது. முதல்ல வாசிக்கணும். தடை இருந்தா, சபை நடுவுல எழுந்து நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லணும். தடையை முன்கூட்டியே கமிட்டியில வச்சுக்க முடியாது. நாளைக்கு நான் வாசிக்கிறேன். நீங்க எழுந்து சொல்லுங்க."

"ஒலிபெருக்கியிலயா?" என்றார் சுற்றறிக்கை.

"ஒலிபெருக்கியிலதான்."

அவர் முகம் மலர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நிற்க இடமில்லை. குருவானவர் ஓலையை எடுத்தார். எடை அளவுத் துறை முன்னாள் ஆய்வாளரின் மகளுக்கும் ரொட்டிக்கடைக்காரரின் மகனுக்கும் என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். "இவர்கள் இணைவதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம்."

சுற்றறிக்கை கோப்போடு எழுந்தார். "பொருள்: மணத்தடை தொடர்பாக. பார்வை ஒன்று: பேராயர் அலுவலகக் கடிதம். பார்வை இரண்டு: கமிட்டியின்…"

"விஷயத்துக்கு வாங்க!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"வரேன். மேற்படி பெண்ணின் வீட்டாரை இருமுறை எடை போட்டுப் பார்த்ததில்…" அவர் தாளைத் திருப்பினார். "பெண் வீட்டில் குப்பை இல்லை."

இங்கேயும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்த வக்கீல் ஓரடி முன்னால் வந்தார்.

"காது கேக்கலை செயலரே. என்ன தடை?"

"பெண் வீட்டில் குப்பை இல்லை!"

"வெறும் குப்பை மட்டும்தான் இல்லையா, வேற குறை ஏதாவது?"

"வேற ஒரு குறையும் இல்லை! குப்பை இல்லைங்கிறதுதான் குறை!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார் சுற்றறிக்கை. கத்தி முடித்த பிறகு, சொன்னது தன் காதிலேயே விழுந்தது போலக் கோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. பல் மருத்துவரம்மா என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஆலயமே சிரித்தது. பாட்டுக்குழு சிரித்தது, சுருதியோடு. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி பெஞ்சைத் தாண்டி வந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டு, "என்ன பண்ணினாங்கன்னு கேட்டேனே, என்ன பண்ணினாங்கன்னு கேட்டேனே," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். மகள் கைக்குட்டை கொடுத்தாள். அது பழைய திரையின் ஓரம்.

குருவானவர் கையைத் தூக்கினார். "முறைப்படி, தடை சொல்லப்பட்டால் பெண்ணின் தகப்பனார் பதில் சொல்ல வேண்டும். இந்தக் குற்றச்சாட்டு உண்மையா ஐயா?"

எழுந்தேன்.

"உண்மை," என்றேன்.

"தடை கேட்கப்பட்டது. பதிவேட்டில் எழுதப்படும். திருமணத்தை நிறுத்த அது போதாது," என்றார் குருவானவர். இருமவே இல்லை.

அன்று மாலையே கமிட்டியார் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். தங்கள் அடிப்படையைத் தாங்களே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை நான் பார்த்தேன். என் மனைவி வாசலில் நின்றுகொண்டு, எதை உரமாக்கலாம், எதைத் தைக்கலாம், எதைத் தெருக்கூட்டும் அம்மாளிடம் கொடுக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் பிரித்துச் சொன்னாள். குளிர்சாதன இயந்திரங்கள் நின்றன. பிள்ளைகள் கொட்டகையிலிருந்து திரும்பி வந்தார்கள்.

திருமணம் குறித்த நாளில் நடந்தது. ஆனால் சபை பழையபடி ஆகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் ஞாயிறு வேறொரு பெண்ணுக்கு ஓலை வாசித்தபோது, அவளுடைய தாயார் எழுந்து, தன் மகளுக்கும் அந்தத் தடையைச் சொல்லியாக வேண்டும் என்று மன்றாடினார். மூன்றாம் ஞாயிறு இரண்டு குடும்பங்கள் கேட்டன. கல்யாண வயதில் பிள்ளைகளே இல்லாதவர்களும் கேட்க ஆரம்பித்ததும், சுற்றறிக்கை ஒரு படிவம் அச்சடித்துவிட்டார். பொருள்: தடை கோருதல். பார்வையிட வருகிறார்கள், தொட்டியைத் திறந்து பார்க்கிறார்கள், போதுமான அளவு குப்பை இல்லாவிட்டால் மட்டுமே தடை வழங்கப்படுகிறது. இதுவரை முப்பத்தெட்டுக் குடும்பங்கள் தடை பெற்றிருக்கின்றன. நூற்றுக்கு மேல் காத்திருக்கின்றன. சுற்றறிக்கையின் விண்ணப்பம் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது.

நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பதிவேடு குருவானவர் அறையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். முதல் தடை எங்களுடையது.